ஏழு நூல் பின்னுக்கு ஒன்பது நூல் ஓட்டை

டிராக்டர் உதிரிபாகக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், லேத்துப் பட்டறையில் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுப்பவர்களுக்கும்,

நான் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் பயிரிடுகிறவன். சொந்த வண்டி இருக்கிறது. பருவத்தில் மற்றவர்கள் வயலுக்கும் மணி வாடகைக்கு ஓட்டுகிறேன். இத்தனை காலம் உங்களிடம்தான் வாங்கினேன், இனியும் உங்களிடம்தான் வாங்கப் போகிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

"இந்தக் கலப்பையை என் வண்டியில் மாட்ட ஒரு அடாப்டர் வேணும்" என்று வந்து நின்றால், நீங்கள் கேட்கும் முதல் கேள்வி "லோக்கலா, கம்பெனியா?" என்பதுதான். இரண்டு விலை சொல்கிறீர்கள். மடியில் இருக்கும் பணத்தைப் பார்த்து நாங்கள் பதில் சொல்கிறோம். எந்த வண்டி, என்ன கருவி, பின் எத்தனை நூல், வண்டியின் பந்து ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதா, மாட்டப்போவது சும்மா தாங்கி நிற்கிற இடத்திலா, சுழல்கிற இடத்திலா என்பதெல்லாம் பேச்சிலேயே வருவதில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுகிறீர்கள். மீதி, வயலில் தெரிகிறது.

நீங்கள் அறியாததை நான் சொல்லவில்லை. 45, 50 குதிரைத்திறன் வண்டிகளின் லோயர் லிங்க் பந்து, கேட்டகரி இரண்டு என்கிற அளவில் வருகிறது. அதற்கான பின் 28 மில்லிமீட்டர், உங்கள் பேச்சில் ஒன்பது நூல். தென்னந்தோப்பிலும் மஞ்சள் வயலிலும் ஓடும் சின்ன வண்டிகளுக்குச் செய்த கருவிகள் கேட்டகரி ஒன்று; அங்கே பின் 22 மில்லிமீட்டர், ஏழு நூல். டாப் லிங்கிலும் இதே கதை: ஒன்றில் ஆறு நூல், மற்றதில் எட்டு நூல். சின்ன வண்டிக்காரரின் கருவியைப் பெரிய வண்டிக்காரர் இரவல் வாங்குகிறார். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் வண்டி ஒருவருக்கும் கருவி ஒருவருக்கும் போகிறது. மானியத்தில் வாங்கிய கருவியை ஊரே சுற்றி வைத்து ஓட்டுகிறது. அதனால்தான் அந்த இரண்டு நூல் இடைவெளியை நிரப்ப உங்கள் கடைக்கு வருகிறோம்.

அந்த இடைவெளியை நிரப்பும் புஷ்ஷின் சுவர் மூன்று மில்லிமீட்டர் கனம்தான். ஒன்பது நூல் பின்னுக்கும் அதன் பந்து ஓட்டைக்கும் நடுவே விடவேண்டிய தளர்ச்சி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று அளவு வகுத்திருக்கிறார்கள். பட்டறையில் "அரை நூல் ஆடினால் பரவாயில்லை" என்று சொல்கிறீர்களே, அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல். அது ஓர் இடத்து ஆட்டம். புஷ்ஷுக்கு உள்ளே ஓர் ஆட்டம், வெளியே ஓர் ஆட்டம், எதிர்ப்பக்கத்து லிங்கிலும் அப்படியே. எல்லாம் கூடினால் என்ன ஆகும் என்று கடைசி வரப்பில் கருவியைத் தூக்கும்போது பாருங்கள். ஆறடி ரோட்டாவேட்டர் ஏறத்தாழ 400 கிலோ எடை. அந்த எடை, திரும்பும் ஒவ்வொரு முறையும் தொங்கி இறங்குவதோடு நிற்பதில்லை. அந்த இடைவெளிக்குள் இடித்து இறங்குகிறது. தொளி உழவில் சேறும் மணலும் அதற்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் அது அரத்தை வைத்து ராவுவதற்குச் சமம். முதலில் புஷ் ஓவலாகும், பிறகு பின், கடைசியில் வண்டியின் பந்து. புஷ்ஷில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு அந்தப் பந்துக்குக் கொடுக்கிறோம்.

டாப் லிங்க் பின் தளர்ந்தால் நட்டம் இன்னும் மறைவாக வருகிறது. நம் வண்டிகள் பலவற்றில் கலப்பையின் இழுவிசையை ஹைட்ராலிக் அறிவதே டாப் லிங்க் வழியாகத்தான். கலப்பை ஆழமாக இறங்கினால் டாப் லிங்க் அழுந்தும், அந்த அழுத்தத்தைக் கண்டு லிப்ட் கொஞ்சம் தூக்கும். பின்னில் ஆட்டம் இருந்தால் அந்த அழுத்தம் போய்ச்சேரத் தாமதமாகும். கலப்பை ஓரிடத்தில் ஆழம், ஓரிடத்தில் மேலாப்பு என்று துள்ளும். வயல்காரர் ஓட்டுநரைத் திட்டுவார். ஓட்டுநர் லிப்ட்டில் கோளாறு என்பார். மெக்கானிக் லிப்ட்டைத் திறப்பார். யாருடைய கண்ணும் அந்த ஆறு நூல் பின்மேல் விழாது.

புஷ் போட்டால் ஓட்டை பொருந்திவிடும், அகலம் பொருந்தாது என்பதையும் நீங்கள் யாரும் சொல்லித் தருவதில்லை. கேட்டகரி ஒன்று கருவியில் கீழ்ப் பின்கள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். கேட்டகரி இரண்டில் 82க்கும் மேல். பெரிய வண்டியின் கைகள் இரண்டையும் உள்ளே இழுத்து மாட்டினால் செக் செயின் தளர்ந்து தொங்கும். கருவி பக்கவாட்டில் ஆடும். மேட்டுப் பாதையில் தூக்கிக்கொண்டு போகும்போது லிங்க் டயரில் உரசும். புஷ்ஷோடு சேர்த்து, "செயினை இறுக்கிக்கொள்ளுங்கள், முடியவில்லை என்றால் அகலம் கூட்டும் நீளப் பின் போடுங்கள்" என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்கு விலை கிடையாது.

லோக்கல் சரக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. தாங்கி நிற்கும் புஷ்ஷைப் பொறுத்தவரை, அளவறிந்த ஒரு லேத்துக்காரர் நல்ல இரும்பில் கடைந்து கொடுப்பதே போதும். பளபளக்கும் டப்பாவில் வரும் கம்பெனி புஷ் கட்டாயமில்லை என்பதே என் முடிவு. புஷ் கொஞ்சம் மென்மையான இரும்பாக இருப்பதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. தேயவேண்டியது மலிவான துண்டாக இருக்கட்டும், வண்டியின் பந்தாக இருக்கவேண்டாம். ஆனால் அது துண்டு இரும்பிலிருந்து கடைந்ததாக இருக்கவேண்டும். வாட்டர் பைப்பை வெட்டி, பெயின்ட் அடித்து, புஷ் என்று கொடுக்காதீர்கள். அப்படி ஒன்றை நான் வாங்கியிருக்கிறேன். பெயின்டின் கனத்தில் முதலில் இறுக்கமாக உட்கார்ந்தது. பெயின்ட் போனதும் கையாலேயே சுழன்றது. உள்ளே பைப்பின் மூட்டுக்கோடு தெரிந்தது. விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, "லோக்கல்தானே கேட்டீங்க" என்றார். லோக்கல் என்று கேட்பவர் விலை குறைவாக வேண்டும் என்றுதான் கேட்கிறார். அளவு தப்பாக இருக்கட்டும் என்று எந்த விவசாயியும் கேட்பதில்லை.

பின்னுக்கு வேறு நியாயம். பின் வளைந்தால் எச்சரிக்கை கிடைக்கும், முறிந்தால் கிடைக்காது. கடினமாக இருந்தால் நல்லது என்று நினைத்து, மிச்சத் துண்டை நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கொடுக்கிறீர்களே, அந்தப் பின் கண்ணாடி மாதிரி உடைகிறது. மேலே மட்டும் கடினம், உள்ளே தாங்கும் பதம் என்று செய்வதற்கு இஎன் 8 போன்ற இரும்பும் முறையான பதப்படுத்தலும் வேண்டும். கம்பெனி பின்னில் நாங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான், அங்கே அது நியாயமான பணம். ஆனால் எல்லா டப்பாவுக்குள்ளும் அது இருக்கிறதா என்று கேட்டால், உங்களில் நேர்மையானவர்களே தலையை ஆட்டமாட்டீர்கள். ஒரே பட்டறைச் சரக்கு இரண்டு ஸ்டிக்கரில் இரண்டு விலைக்கு விற்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள்.

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றி. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றி.

வண்டியின் சுழல்விசையைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டுக்கான அடாப்டரை நீங்கள் புஷ் விற்கிற அதே பெட்டியிலிருந்து எடுத்து, அதே பேச்சோடு விற்கிறீர்கள். அது சுழல்கிற சாமான். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. 35 மில்லிமீட்டர் கனமுள்ள தண்டு, தன்மேல் மாட்டிய துணியை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சுருட்டும். சுருட்டச் சுருட்ட விட்டம் கூடும், வேகமும் கூடும். கை போய் சுவிட்சைத் தொடுவதற்குள் வேலை முடிந்துவிடும். எங்கள் ஆட்கள் வேலைக்கு வருவது லுங்கியிலும் வேட்டியிலும், தோளில் ஒரு துண்டோடு. பக்கத்து வயலில் நடவுப் பெண்கள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். இது எங்கள் ஊர் உடை, மாறப்போவதில்லை. மாறவேண்டியது அந்தத் தண்டின் மேல் இருக்கவேண்டிய மூடி.

வண்டியோடு வரும் பி.டி.ஓ. மேல்மூடி, அந்தத் தண்டு எவ்வளவு நீளம் வெளியே வருமோ அந்த அளவுக்குச் செய்தது. நீங்கள் விற்கும் அடாப்டர் அந்தத் தண்டை நாலு விரல் நீட்டிவிடுகிறது. நீண்ட பகுதி மூடிக்கு வெளியே நிற்கிறது. அதை இறுக்க ஒரு போல்ட், அந்த போல்ட்டின் தலை விரல் கனத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு சுற்றுகிறது. சுழலும் தண்டில் துருத்தும் எதுவும் கொக்கிதான். எங்கள் ஊரில் ஓர் ஓட்டுநரின் துண்டை அப்படி ஒரு போல்ட் தலை பிடித்தது. துண்டு பழசு, நைந்து கிழிந்ததால் அவர் கழுத்து தப்பியது. அது புதுத் துண்டாக இருந்திருந்தால் என்பதை என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆறு பல்லா, இருபத்தொரு பல்லா என்று நீங்கள் கேட்பது, மாட்டும் வாயைத் தெரிந்துகொள்வதற்காக. அதற்குமேல் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே 35 மில்லிமீட்டர் தண்டில் 540 சுற்றுக்கு ஆறு பல், 1000 சுற்றுக்கு இருபத்தொரு பல் என்று உலக அளவில் பிரித்து வைத்ததே, ஒன்றுக்குரிய கருவியை மற்றதில் மாட்டமுடியாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான். பொருந்தாமல் இருப்பதுதான் அங்கே காவல். அந்தக் காவலை உங்கள் அடாப்டர் அகற்றிவிடுகிறது. 540க்குச் செய்த கருவி 1000இல் சுற்றினால், அதன் கத்தியைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை மூன்று மடங்குக்கும் மேலே போகும். எத்தனை சுற்றில் ஓட்டப் போகிறாய் என்று கேட்காமல் இந்தத் துண்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

பட்டறைக்காரர்களிடம் ஒரு சொல். ஆண் பல் ஒரு துண்டு, பெண் பல் ஒரு துண்டு என்று எடுத்து நடுவில் வெல்டிங் வைத்து அடாப்டர் செய்கிறீர்கள். கையில் பிடித்துப் பார்க்க நேராகத்தான் இருக்கும். அச்சு ஒரு மில்லிமீட்டர் விலகினாலே நொடிக்கு ஒன்பது முறை உதறல். அந்த உதறல் கிராஸைத் தின்னும், வண்டியின் பி.டி.ஓ. சீலைத் தின்னும். 40 குதிரைத்திறன் 540 சுற்றில் போகும்போது அந்தத் துண்டின் மேல் விழும் முறுக்கு, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 50 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டதற்கு ஈடு. இது சீராக ஓடும்போது. ரோட்டாவேட்டர் கத்தி தென்னை வேரில் மோதும் கணத்தில் அது எங்கேயோ போகும். கரி கூடுதலாக உள்ள இரும்பைச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் வெல்டின் ஓரத்திலேயே மயிரிழை விரிசல் விழும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டிய பாடமில்லை. ஒரே துண்டில் கடைந்து, பதப்படுத்தி, பூட்டு முள் தண்டின் பள்ளத்தில் சரியாக உட்காரும்படி செய்த அடாப்டர் விலை கூடும். கூடட்டும். சுழலும் இடத்தில் மலிவு ஐட்டத்தை என் எதிரில் எடுத்து வைக்காதீர்கள். நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடாப்டர் நீட்டிய அளவுக்கு ஷாஃப்ட்டின் உள்குழாயையும் வெளிக்குழாயையும் சமமாகக் குறைக்கவேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. குறைக்காவிட்டால், லிப்ட் ஏறி இறங்கும் ஏதோ ஓர் உயரத்தில் உள்குழாய் போய் முட்டி நிற்கும். அந்தக் குத்து நேரே வண்டியின் பி.டி.ஓ. பேரிங்கில் விழும். ரோட்டாவேட்டர் ஷாஃப்ட்டில் அடிபட்டால் முறிவதற்கென்றே ஒரு ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி முறிகிறது என்று நாங்கள் வந்தால், "முறியாத போல்ட் தர்றேன்" என்று இன்னும் கடினமான போல்ட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள். நாங்கள் கேட்டதால் கொடுத்தீர்கள், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு முறியப்போவது கியர் பாக்ஸ். அது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லவேண்டாமா?

டிப்பர் டிரெய்லருக்கு வாங்கும் ஹைட்ராலிக் அடாப்டரிலும் இதே கதைதான். அரை அங்குல பி.எஸ்.பி. மரையும் அரை அங்குல என்.பி.டி. மரையும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான். கோணம் மட்டும் 55 பாகை, 60 பாகை. மூன்று நான்கு சுற்று ஏறும், பொருந்தியதாகத் தோன்றும். டேப் சுற்றி இறுக்கிக் கொடுத்துவிடுவீர்கள். லோடு தூக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் அழுத்தம். ஊசிமுனை அளவு கசிவை விரலால் தடவிப் பார்த்தால் எண்ணெய் தோலுக்குள் ஏறிவிடும். அப்படி ஏறியவருக்கு உடனே அறுவை வேண்டியிருக்கும். ஏறும் மரையெல்லாம் பொருந்தும் மரை ஆகாது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார், நல்ல சரக்கை அடுக்கி வைத்தால் தூசு படிகிறது, உழவு நாளில் ஐந்து நிமிடம் பொறுக்கமாட்டேன் என்கிறார், இரும்பு விலையும் கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகின்றன. எல்லாம் மெய். வாங்கும் எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. வண்டிக்கு எட்டு லட்சம், பத்து லட்சம் கடன் வாங்கத் தயங்காதவர்கள் அடாப்டரில் நூறு ரூபாய்க்கு முகம் சுளிக்கிறோம். ஆனாலும் கேட்கிறேன்: எது எங்கே போகும், எது எங்கே போகக்கூடாது என்று தெரிந்த இடம் உங்கள் கடை ஒன்றுதான். மானியத்தில் வரும் கருவியைச் சோதித்துச் சான்று தருவதற்கு நிலையங்கள் இருக்கின்றன, டிராக்டரைச் சோதிக்க மத்தியப் பிரதேசத்தில் புத்னி நிலையம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் துண்டை உங்கள் கையைத் தவிர வேறு எந்தக் கையும் சோதிப்பதில்லை.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் வட மாநிலங்களில் பெருகிய பிறகுதான், 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கைகள் போன பிறகு வந்த சட்டம் அது. அதேபோல் ஒன்று வந்து உங்களை அதட்டும்வரை காத்திருக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இருக்கிற சட்டமும் உங்களைச் சும்மா விட்டுவிடவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அதைச் செய்தவர் யாரென்றே தெரியாமல் போனால், பொறுப்பு விற்றவர் தலையில் விழும் என்று அதே சட்டம் சொல்கிறது. பெயரில்லாத அடாப்டரை விற்கும் ஒவ்வொரு நாளும் நீங்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுதான் விற்கிறீர்கள். உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. துண்டில் பெயர் பொறிப்பது எங்களைக் காப்பதைப் போலவே உங்களையும் காக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இது. பட்டறையில் கடையும் ஒவ்வொரு புஷ்ஷிலும் பின்னிலும் அடாப்டரிலும் உள்ளளவு, வெளியளவு, உங்கள் பட்டறையின் குறி ஆகிய மூன்றையும் பஞ்ச் அடித்துக் கொடுங்கள். சுத்தியலால் இரண்டு நிமிட வேலை. கடைக்காரர்கள் ரசீதில் அந்த அளவையும் இரும்பின் தரத்தையும் எழுதுங்கள். மேசையில் ஒரு வெர்னியர் காலிபர் வையுங்கள். நாங்கள் கொண்டுவரும் பழைய பின்னை அதில் வைத்து அளந்து எங்களுக்கும் காட்டுங்கள். தேய்ந்த பின்னுக்குப் புதுப் புஷ் கேட்டால், பின்னையும் மாற்றச் சொல்லுங்கள். பி.டி.ஓ. அடாப்டரை மட்டும் மூடியில்லாமலும் பூட்டு முள் இல்லாமலும் எந்த விலைக்கும் விற்பதில்லை என்று சங்கமாகக் கூடி முடிவெடுங்கள். ஒரு கடை மட்டும் செய்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாக்குத் தருகிறேன். எங்கள் ஊரில் வாடகை உழவு ஓட்டுகிறவர்களிடம் பேசி வைத்திருக்கிறேன். குறி அடித்த சரக்கு எந்தக் கடையில் கிடைக்கிறதோ, அங்கேதான் இனி வாங்குவோம், கூடுதல் விலைக்குப் பேரம் பேசமாட்டோம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, எங்களுக்கும் இருக்காது. கோடை உழவு முடிந்து கடையில் கூட்டம் குறைந்திருக்கும் வைகாசி மாதத்திலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரான ஒரு டெல்டா விவசாயி